பூக்கடைச் சீட்டைப் பைடெஸ்டில் பிடித்தல்: ஒரு செய்முறைப் பதிவு

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் உள்ள ஒரு கமிஷன் கடைக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் பைத்தானில் எழுதப்பட்ட கணக்கு நிரல் ஒன்று என் பொறுப்புக்கு வந்தது. திருமங்கலம், உசிலம்பட்டி, கொட்டாம்பட்டிப் பக்கங்களிலிருந்து விடியலில் மல்லிகையும் பிச்சியும் கொண்டுவருகிறவர்களின் பெயர், எடை, அந்த நேரத்து விலை, கழிவு, கையில் தர வேண்டிய தொகை ஆகியவற்றை அது துண்டுச் சீட்டாக அச்சிடும். கடை அடைக்கும் நேரத்தில் நாள் கணக்கைத் தொகுத்துத் தரும். கழிவைக் கணக்கிடும் முறையில் ஒரு சிறு மாற்றம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். மாற்றம் சிறியதுதான், ஆனால் நிரலில் இருந்த செயற்கூறுகளில் (ஃபங்ஷன்களில்) பெரும்பாலானவை எந்த மதிப்பையும் திருப்பித் தருவதில்லை. கணக்கிட்ட கையோடு திரையில் எழுதிவிட்டு முடிந்துவிடுகின்றன. எனவே நிரல் வெளியே எழுதுவதைப் பிடித்து வைத்துப் பார்த்தாலொழிய, அது சரியாக நடக்கிறதா என்பதைத் தானியங்கிச் சோதனையால் அறிய வழியில்லை. முதலில் எல்லாவற்றையும் மதிப்புத் தரும் செயற்கூறுகளாகத் திருத்திவிட்டுப் பிறகு சோதிக்கலாமே என்று தோன்றக்கூடும். சோதனையே இல்லாத நிலையில் அப்படித் திருத்தினால் எது எப்போது உடைந்தது என்பதே தெரியாது.

சோதனை எழுதுவதற்கு முன்பு, இந்த நிரலிலிருந்து எழுத்து எந்தெந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்த்தேன். லினக்ஸில், ஒரு நிரல் இயங்குதளத்திடம் விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை, கிளைச் செயல்முறைகளையும் தொடரச் சொல்லி ஓட்டி, ரைட் என்னும் அமைப்பு அழைப்புகளை மட்டும் வடிகட்டினால், எந்தச் செயல்முறை எந்த ஃபைல் டிஸ்கிரிப்டருக்கு (திறந்திருக்கும் ஓடைக்கு இயங்குதளம் தரும் எண்ணுக்கு) எத்தனை பைட் எழுதுகிறது என்பது வரிவரியாகக் கிடைத்துவிடும். பைத்தானின் பிரிண்ட், எஸ்டிடி-அவுட் என்னும் வழக்கமான வெளியீட்டு ஓடையில் எழுதுபவை ஒரு வழி. லாகிங் தொகுதி எச்சரிக்கைகளை எஸ்டிடி-எர் என்னும் பிழைச்செய்தி ஓடையில் எழுதுவது இன்னொரு வழி. எலக்ட்ரானிக் தராசைப் படிக்க சி மொழியில் எழுதிய ஒரு சிறு நூலகம் இணைக்கப்பட்டிருந்தது; அது பைத்தானைக் கேட்காமலே பிரிண்ட்எஃப் மூலம் நேரே எழுதிக்கொண்டிருந்தது. நான்காவதாக, எல்பி என்னும் அச்சுக் கட்டளையைத் தனிச் செயல்முறையாகத் தொடங்கி, தெர்மல் பிரிண்டருக்கான பைட்களை அதன் உள்ளீட்டில் தள்ளுகிறது. கடையில் நின்று திரையைப் பார்ப்பவருக்கு முதல் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். பிடிப்பதற்கோ ஒவ்வொன்றும் ஒவ்வோர் அடுக்கு. எந்த அடுக்கில் எழுதப்படுகிறதோ அந்த அடுக்கிலோ அதற்குக் கீழோதான் வலையை விரிக்க வேண்டும். பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

சோதனைக் கருவியாகப் பைடெஸ்டை எடுத்துக்கொண்டேன். எதுவும் சொல்லாமல் ஓட்டினாலே அது வெளியீட்டைப் பிடித்துக்கொள்கிறது. எஸ்டிடி-அவுட், எஸ்டிடி-எர் ஓடைகளுக்குரிய 1, 2 ஆகிய ஃபைல் டிஸ்கிரிப்டர்களை ஒரு தற்காலிகக் கோப்பின் பக்கம் திருப்பிவிட்டு, பைத்தானுக்குள் இருக்கும் எஸ்டிடி-அவுட், எஸ்டிடி-எர் பொருள்களையும் மாற்றி வைக்கிறது. இதற்கு எஃப்டி முறை என்று பெயர். பைத்தான் பொருள்களை மட்டும் மாற்றுவது சிஸ் முறை. எதையும் பிடிக்காமல் விட வேண்டுமானால் எஸ் என்ற சிறிய தெரிவு போதும். பிடித்ததைத் தோற்ற சோதனைகளுக்கு மட்டுமே அறிக்கையின் அடியில் காட்டும்; வென்றவற்றின் வெளியீட்டையும் காண விரும்பினால் அதைக் கேட்கத் தனித் தெரிவு உண்டு. இவையெல்லாம் பார்ப்பதற்கான பிடிப்பு. பிடித்ததைச் சோதனைக்குள்ளேயே கையில் வாங்கி ஒப்பிட வேண்டுமானால், சிஸ் அடுக்குக்குக் கேப்சிஸ், ஃபைல் டிஸ்கிரிப்டர் அடுக்குக்குக் கேப்எஃப்டி என்ற பிக்ஸ்சர்களை, அதாவது பைடெஸ்ட் சோதனைக்குத் தயாரித்துத் தரும் துணைப்பொருள்களை, சோதனைச் செயற்கூறின் அளபுருவாகக் கேட்டுப் பெற வேண்டும்.

கேப்சிஸ் கொண்டு எழுதிய முதல் சோதனைகள் தடையின்றி நடந்தன. சீட்டு எழுதும் செயற்கூறை அழைத்துவிட்டு ரீட்-அவுட்-எர் என்று கேட்டால், அதுவரை எழுதப்பட்டவை இரண்டு சரங்களாகக் கிடைக்கின்றன: ஒன்று எஸ்டிடி-அவுட், மற்றது எஸ்டிடி-எர். ஒரு முறை படித்தால் தொட்டி காலியாகிவிடும் என்பதையும், அடுத்த முறை படிக்கும்போது இடையில் எழுதியவை மட்டுமே வரும் என்பதையும் ஒரு வசதியாகவே பயன்படுத்தலாம். தயாரிப்பு வேலையின்போது நிரல் எழுதும் வெட்டி வரிகளை ஒரு முறை படித்து ஒதுக்கிவிட்டு, சோதிக்க வேண்டிய அழைப்புக்குப் பின் வருவதை மட்டும் ஒப்பிட்டேன்.

நாள் கணக்கு எழுதும் செயற்கூறில் வண்டி நின்றது. கேப்சிஸ் எதுவுமில்லாத வெற்றுச் சரத்தைத் தருகிறது. அதனால் சோதனை தோற்கிறது. தோல்வி அறிக்கையின் அடியிலோ நான் தேடும் அதே வரிகள் அப்படியே இருக்கின்றன. காரணம் செயற்கூறின் தலைப்பிலேயே இருந்தது. எங்கே எழுதுவது என்பதற்கு ஓர் அளபுரு வைத்து, அதன் முன்னிருப்பு மதிப்பாக (எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) எஸ்டிடி-அவுட் பொருளைக் கொடுத்திருந்தார்கள். பைத்தானில் முன்னிருப்பு மதிப்பு, செயற்கூறு வரையறுக்கப்படும் நொடியில் ஒரே ஒரு முறை கணிக்கப்படுகிறது. அந்தத் தொகுதி ஏற்றப்பட்டபோது இருந்தது பைடெஸ்டின் பொதுப் பிடிப்புப் பொருள். கேப்சிஸ் அதன் பிறகு வந்து வேறொன்றை வைத்தாலும், செயற்கூறு பழையதையே பற்றிக்கொண்டு எழுதுகிறது. கேப்எஃப்டிக்கு மாறினாலும் பயனில்லை; அந்தப் பழைய பொருள் 1 என்ற டிஸ்கிரிப்டரைத் தொடாமல் தன் தற்காலிகக் கோப்பிலேயே நேராக எழுதுவதால் அங்கும் எதுவும் வராது. முன்னிருப்பை நன் (மதிப்பு எதுவுமில்லை) என்று மாற்றி, எஸ்டிடி-அவுட் எது என்பதைச் செயற்கூறின் உடலுக்குள், அழைக்கப்படும் நேரத்தில் கேட்கச் செய்ததும் சரியாயிற்று. சோதனைக்காக மூல நிரலில் நான் முதலில் தொட்டது இந்த வரியைத்தான். இதைத் தொடுவதில் ஆபத்தும் இல்லை.

லாகிங் தொகுதியிலும் இதே நோய்தான், அறிகுறி மட்டும் வேறு. ஓடைக் கையாளி ஒன்றை உருவாக்கும்போது அப்போதைய எஸ்டிடி-எர் பொருளை அது எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒரு சோதனையின் நடுவே கையாளி உருவானால், அந்தச் சோதனை முடிந்ததும் கேப்சிஸ் தன் ஓடையை மூடிவிடும். அடுத்த சோதனையில் எச்சரிக்கை எழுதப் போகும்போது, மூடிய கோப்பில் எழுத முடியாது என்ற பிழை கிளம்பும். தனியாக ஓட்டினால் வெல்லும் சோதனை, கூட்டத்தோடு ஓடும்போது மட்டும் பிழையைக் கொட்டுகிறது என்றால் முதலில் இங்கே பார்க்கலாம். எச்சரிக்கைகளை எழுத்தாகப் பிடிப்பதை விட்டுவிட்டு, கேப்லாக் என்ற பிக்ஸ்சர் வழியாகப் பதிவுகளாகவே வாங்கி, அவற்றின் நிலையையும் செய்தியையும் சோதித்தேன்.

அதிக நேரத்தை விழுங்கியது தராசு நூலகம். எடை நிலைபெறாமல் ஆடும்போது அது ஒரு செய்தியை அச்சிட வேண்டும்; அச்சிடுகிறதா என்பதே சோதனை. கேப்சிஸால் அதைக் காண முடியாது, ஏனெனில் சி நூலகத்துக்குப் பைத்தானின் பொருள்கள் எதுவும் தெரியாது. கேப்எஃப்டி நிச்சயம் பிடித்திருக்க வேண்டும். அதுவும் வெறுமையையே தந்தது. இன்னும் விந்தை, சம்பந்தமே இல்லாத வேறொரு சோதனையின் வெளியீட்டில் தராசுச் செய்தி வந்து ஒட்டிக்கொண்டது. சி நூலகம் எஸ்டிடி-அவுட்டில் எழுதும்போது, மறுமுனையில் டெர்மினல் இருந்தால் வரி முடிந்ததும் அனுப்பிவிடும். மறுமுனையில் கோப்போ, இன்னொரு செயல்முறைக்கு எழுத்தைக் கொண்டுசெல்லும் பைப்போ இருந்தாலோ, கண்மாய் நிறைந்த பிறகே மறுகால் பாய்வதைப் போல, தன் பஃபர் நிறையும்வரை தேக்கி வைக்கும். கோப்புக்கு அந்தப் பஃபர் பெரும்பாலும் 4096 பைட். கடையில் திரை இருந்ததால் செய்தி உடனே தெரிந்தது. சோதனையில் 1 என்ற டிஸ்கிரிப்டரின் பின்னால் தற்காலிகக் கோப்பு இருந்ததால், சில பத்து எழுத்துகளே கொண்ட செய்தி பஃபரிலேயே உட்கார்ந்திருந்து, நான் படித்து முடித்த பிறகு யாரோ ஒருவர் கணக்கில் வெளியேறியது. பைத்தானிலிருந்து சி செயற்கூறுகளை அழைக்க உதவும் சிடைப்ஸ் மூலம் சி நூலகத்தின் எஃப்ஃப்ளஷ் செயற்கூறை, எல்லா ஓடைகளையும் காலி செய்யும் பொருட்டு வெற்றுச் சுட்டியுடன் அழைத்து, அதன் பிறகு ரீட்-அவுட்-எர் கேட்டதும் செய்தி உரிய சோதனையிலேயே கிடைத்தது. பைத்தானுக்கும் சிக்கும் தனித்தனிப் பஃபர் உண்டு, பைத்தானின் ஃப்ளஷ் சியின் பஃபரைத் தொடாது என்பதை நினைவில் வைத்திருந்தால் இந்த இடத்தில் சுற்ற வேண்டியதில்லை.

இந்த அழைப்பைத் தனியாக ஒரு பிக்ஸ்சராக எழுதி, தராசைத் தொடும் ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்திலும் முடிவிலும் தானாக ஓடும்படி வைத்துவிட்டேன். முடிவில் காலி செய்வதைக் காட்டிலும் தொடக்கத்தில் காலி செய்வது முக்கியம் என்பது என் கருத்து. முந்தைய சோதனை விட்டுப்போன மிச்சம் இந்தச் சோதனையின் பெயரில் ஏறக் கூடாது.

நாள் கணக்கை முடிக்கும் முன் நிரல் ஒரு கேள்வி கேட்டு விடைக்காகக் காத்திருக்கும். பிடிப்பு நடக்கும்போது உள்ளீட்டைப் படிக்க முயன்றால் பைடெஸ்ட் பிழை எழுப்பிவிடுகிறது. சோதனை கேட்பாரற்றுத் தொங்கி நிற்பதைவிட இது நல்லதே. உள்ளீட்டு ஓடையின் இடத்தில், விடையைத் தாங்கிய ஒரு நினைவக ஓடையை மங்கிபேட்ச் என்னும் தற்காலிக மாற்று வசதி மூலம் வைத்ததோடு இந்த விஷயம் முடிந்தது.

பிரிண்டர் வழிக்கு வருகிறேன். எல்பி கட்டளையை உண்மையாகவே ஓடவிட்டால் சோதனைக்கு ஒரு முறை தாள் வெளியே வரும். ஆகவே சோதனைக்கான தற்காலிக அடைவில் எல்பி என்ற அதே பெயரில், உள்ளே வருவதை ஒரு கோப்பில் அப்படியே எழுதி வைக்கும் சிறு ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்து, இயக்க அனுமதி கொடுத்து, கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் மாறியின் முன்னால் அந்த அடைவைச் சேர்த்தேன். நிரல் எதையும் அறியாமல் போலி எல்பியை அழைக்கிறது. பைட்கள் கோப்பில் கிடைக்கின்றன. எந்தச் சோதனையும் தப்பித்தவறி உண்மையான எல்பியை எட்டிவிடாதபடி, இந்த ஏற்பாடு எல்லாச் சோதனைகளுக்கும் தானாக அமையும் பிக்ஸ்சராக இருக்கிறது.

அந்தப் பைட்களை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. கடையில் இருக்கும் பிரிண்டரில் தமிழ் எழுத்துரு கிடையாது. எனவே நிரல் பில்லோ நூலகத்தால் தமிழ் வரியைப் படமாக வரைந்து, புள்ளிகளாக அனுப்புகிறது. 80 மில்லிமீட்டர் தாளில் குறுக்கே 576 புள்ளிகள், அதாவது வரிக்கு 72 பைட். இந்தப் புள்ளிகளை முழுதாகச் சேமித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். எழுத்துரு புதுப்பிக்கப்பட்டால், கணக்கில் எந்தப் பிழையும் இல்லாமலே சோதனை தோற்கும். அதனால் வரைவதற்குச் சற்று முன் உள்ள எழுத்தைப் பிடித்து முழுமையாக ஒப்பிடுவது, பைட்களில் தலைப்பகுதியை மட்டும் சோதிப்பது என்று பிரித்துக்கொண்டேன். பட அச்சுக் கட்டளையின் முதல் மூன்று பைட்கள் 29, 118, 48 ஆக இருக்கின்றனவா, அகலம் 72 தானா, கடைசியில் தாள் வெட்டும் கட்டளை போகிறதா என்பவை போதும். கூடவே, பில்லோவில் எழுத்துகளைச் சரியான வரிசையில் அடுக்கும் ராக்ம் வசதி இருக்கிறதா என்பதற்கும் ஒரு சோதனை வைத்தேன். அது இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், பெயர்கள் சிதைந்து அச்சாகும்.

சீட்டின் பைட்களைப் பிரிண்டருக்கு அனுப்பாமல் எஸ்டிடி-அவுட்டிலேயே கொட்டும் தெரிவு ஒன்றும் இந்த நிரலில் உண்டு. அதைக் கேப்சிஸால் படிக்கப் போனால், பிடித்ததை யுடிஎஃப்-8 எழுத்தாக மாற்ற முயன்று அது பிழையில் விழும். பைட்களாகவே தரும் கேப்சிஸ்பைனரி இதற்கென்றே இருக்கிறது.

முழு நிரலையும் கடையில் ஓடுவது போலவே தனிச் செயல்முறையாக ஓட்டிப் பார்க்கும் சோதனைகளும் சில வேண்டியிருந்தன. 2018இல் வந்த பைத்தான் 3.7 முதல், சப்பிராசஸ் தொகுதியின் ரன் செயற்கூறில் வெளியீட்டைப் பிடிக்கத் தனி அளபுரு உண்டு, அதையே பயன்படுத்தினேன். பழைய சோதனை முயற்சி ஒன்றின் மிச்சத்தில், செயல்முறையைப் பைப்புடன் தொடங்கிவிட்டு, அது முடியும்வரை காத்திருந்து, பிறகே பைப்பைப் படிக்கும்படி எழுதியிருந்தார்கள். லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். சிறிய நாள் கணக்குக்கு இது ஒத்துப்போகும். முகூர்த்த நாளின் பெரிய கணக்கைக் கொடுத்தால் பைப் நிறைந்து நிரல் எழுத முடியாமல் நிற்க, நிரல் முடியட்டும் என்று சோதனை காத்திருக்க, இரண்டும் அசையாது. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், மதுரை என்ற பெயரே 15 பைட் ஆகிறது. ஆங்கிலத் தரவால் சோதித்தவர் எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே அந்த எல்லை வந்துவிடும்.

எச்சரிக்கை எந்தச் சீட்டுக்கு உரியது என்பதை அறிய, இரண்டு ஓடைகளையும் ஒரே பைப்பில் கலந்து வாங்கினேன். எச்சரிக்கைகள் எல்லாம் முதலில் வந்துவிட்டு, சீட்டுகள் எல்லாம் கடைசியில் மொத்தமாக வந்தன. பைத்தான் 3.9 முதல் எஸ்டிடி-எர் எப்போதும் வரிக்கு வரி வெளியேறும். எஸ்டிடி-அவுட் பைப்பில் எழுதும்போது மொத்தமாகத் தேங்கும். பைத்தான்-அன்பஃபர்ட் என்ற சூழல் மாறிக்கு 1 என்று கொடுத்து ஓட்டியதும், கடைத் திரையில் வரும் அதே வரிசை சோதனையிலும் கிடைத்தது.

பிடித்ததை ஒப்பிடும் வேலையில் மிகவும் தலையைச் சொறியவைத்தது ஓர் ஊர்ப்பெயர். எதிர்பார்த்த வரியிலும் கொட்டாம்பட்டி, வந்த வரியிலும் கொட்டாம்பட்டி. இரண்டும் சமமல்ல என்கிறது பைடெஸ்ட். இரண்டையும் பைத்தானின் ஆஸ்கி செயற்கூறில் போட்டு, குறியீடு குறியீடாக விரித்துப் பார்த்தபோது வேறுபாடு தெரிந்தது. ஒகர உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம். கடையின் விவசாயிகள் பட்டியல் ஒரு காலத்தில் பழைய எழுத்துருவில் இருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. மாற்றிய கருவி கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டிருந்தது. என் விசைப்பலகை ஒற்றைக் குறியீட்டைத் தருகிறது. யூனிகோடுடேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூறால் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்னும் ஒருங்கிணைத்த வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டதும் சமமாயின. ஆனால் பிடித்த இடத்திலேயே இப்படி மாற்றிச் சேமிக்கவில்லை. பிடிப்பது வந்தபடியே இருக்க வேண்டும், எதைப் பொருட்படுத்துவது என்ற முடிவு ஒப்பிடும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதத்தால்தான், ஒரே ஊர்க்காரர்கள் நாள் கணக்கில் இரண்டு ஊர்களாகப் பிரிந்து தொகுக்கப்பட்டு வந்த வழுவும் அகப்பட்டது. பிடிக்கும்போதே சமன்செய்திருந்தால் அது கண்ணில் பட்டிராது.

தேதி, நேரம், சீட்டு எண் ஆகியவை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். எழுத்து அமைப்பைத் தேடிப் பிடிக்கும் சுழற்கோவைகளால் அவற்றை மறைத்துவிட்டு ஒப்பிடுவது எளிது. எனினும் நேரத்தை வெளியிலிருந்து கொடுக்க முடியும்படி நிரலைச் சற்றே திறந்துவிட்டு, சோதனையில் நிலையான நேரம் ஒன்றைக் கொடுப்பதையே தேர்ந்தேன். மறைத்துவிட்டால் தேதி தவறாக அச்சாவதும் சேர்ந்து மறைந்துவிடும். எதிர்பார்க்கும் வெளியீடுகள் சோதனைக்கு ஒரு கோப்பாக, நிரலோடு, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்கத் தனித் தெரிவு கொடுத்து ஓட்ட வேண்டும். புதுப்பித்ததும் வேறுபாட்டை வரிவரியாகப் படித்த பிறகே களஞ்சியத்தில் சேர்க்கிறேன்.

இவ்வளவும் அமைந்த பிறகு, கழிவு மாற்றத்தைத் தொடுவதற்கு முன்பாகவே, பழைய நிரலின் வெளியீட்டைக் கடையின் கணக்கு நோட்டோடு வைத்துப் பார்த்தோம். கணக்கு எழுதும் பெரியவர் இரண்டு சீட்டுகளைக் காட்டி, "தம்பி, ரெண்டு பேருக்கும் ஒரே கழிவுதானே, ஒருத்தருக்கு அரை ரூவா கூட்டியும் இன்னொருத்தருக்குக் குறைச்சும் போகுதே, என்ன கணக்கு இது?" என்று கேட்டார். 1,245 ரூபாய்க்கு நூற்றுக்குப் பத்து 124.50; நிரல் 124 என்று எழுதியிருந்தது. 1,255 ரூபாய்க்கு 125.50, அங்கே 126. பைத்தானின் ரவுண்டு செயற்கூறு சரிபாதியாக நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும் இயல்புடையது. கடை வழக்கமோ அரை ரூபாயை எப்போதும் மேலே ஏற்றுவது. டெசிமல் தொகுதிக்கு மாறி, பாதியை மேல்நோக்கி முழுமையாக்கும் முறையைத் தெளிவாகக் குறிப்பிட்டேன். சேமித்த வெளியீடுகளில் எந்தெந்த வரிகள் மாறின என்பதைக் கிட் காட்டியது. சரிபாதியில் நின்ற தொகைகளும் அவற்றைச் சார்ந்த கூட்டுத்தொகைகளும் தவிர வேறு எதுவும் மாறவில்லை. அதன் பிறகே, கேட்கப்பட்ட கழிவு மாற்றத்தைத் தனியாகச் செய்து, அதன் வேறுபாட்டையும் தனியாகப் படித்தேன்.

இப்போது கடைக் கணினியில் புதிய பதிப்பை வைக்கும் முன் சோதனைகள் அனைத்தும் ஒரு முறை ஓடுகின்றன. தாள் சரியாக வெட்டுப்படுகிறதா, எழுத்தின் கருமை போதுமா, ஈரக்கை பட்ட சீட்டைப் படிக்க முடிகிறதா என்பவை எந்தப் பிடிப்பிலும் வராதவை. அவற்றுக்காக ஒவ்வொரு பதிப்பிலும் நீளமான பெயர் ஒன்று, கொம்பும் காலும் உள்ள பெயர் ஒன்று, அரை ரூபாயில் நிற்கும் தொகை ஒன்று என்று மூன்று மாதிரிச் சீட்டுகளைக் கடைப் பிரிண்டரிலேயே எடுத்து, கணக்கு எழுதும் பெரியவரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்கிறேன்.